வெயிலில் காயப்போட்ட உரம்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று யோசித்தே பல வருடங்கள் போய்விட்டன. மூன்று தடவை நோட்டு வாங்கினேன். மூன்றிலும் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்து எங்கே வரும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அது பொய். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் எங்கள் வீட்டுத் துளசியைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதையில் நான் பெரிய பக்திக்காரி. நடந்ததை நடந்தபடி எழுதினால் அந்தப் பெயர் போய்விடும். அந்தப் பயம்தான் இத்தனை நாள் என் கையைப் பிடித்து வைத்திருந்தது.

என் மகளுக்கு நாலு வயதில் டைபாய்டு வந்தது. எண்பதுகளின் நடுவில் என்று ஞாபகம். இருபது நாளைக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளை கழுத்து நிற்காமல் என் தோளில் சாய்ந்து கிடந்த ஒரு காலையில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளை நினைத்து வேண்டிக்கொண்டேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், இது சிவன் கோயில் இருக்கிற பெரிய திருவண்ணாமலை இல்லை. எங்கள் பக்கத்துக் குன்று, மேலே பெருமாள் நிற்கிறார். “என் பிள்ளையை எழுப்பிக் குடு. புரட்டாசிச் சனிக்கிழமை ஒவ்வொண்ணுக்கும் என் கையால வச்சு, என் மண்ணுல வளந்த துளசியில மாலை கட்டிக் கொண்டாரேன். என் காலு நடக்கிற வரைக்கும் கொண்டாரேன்.” இதுதான் வேண்டுதல். மகள் எழுந்துவிட்டாள். பெருமாள் தன் பங்கைச் செய்துவிட்டார். பாக்கி என் பங்குதான்.

அப்போது நாங்கள் இருந்த வாடகை வீட்டில் கிணற்றடி மண் வெண்ணெய் மாதிரி இருக்கும். துளசிக் காம்பை ஒடித்து நட்டால்கூடத் தழைத்துவிடும். ஆறு வருடம் ஒரு சனிக்கிழமை தப்பவில்லை. துளசி வளர்க்க ஒரு சிரமம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊர் ஓரத்தில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு போனோம். பள்ளமான மனை. எங்கெங்கோ இடித்த வீட்டுக் காரையையும் சரளையையும் லாரி லாரியாகக் கொட்டி மேடாக்கினார்கள். பால் காய்ச்சிய அன்றே பழைய வீட்டுத் துளசிக் கன்றுகள் பன்னிரண்டை வேரோடு கொண்டுவந்து கொல்லையில் வைத்தேன். பத்து நாளில் ஏழு கருகிப்போயின. மிச்சம் ஐந்தும் சாண் உயரத்துக்கு மேல் வளர மாட்டேன் என்று நின்றன. இலை வெளுத்து, காம்பு செம்பட்டையாகி, சீக்காளிப் பிள்ளை மாதிரி.

அந்தப் புரட்டாசிக்கு என் மண்ணில் ஒரு மாலைக்குத் தேறவில்லை. பழைய வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். பட்டர் வாங்கிச் சாத்தினார். அவருக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியுமே. படி இறங்கும்போது யாரோ பின்னாலிருந்து கூப்பிடுகிற மாதிரியே இருந்தது.

என் வீட்டுக்காரர் நூல் மில்லில் வேலை பார்த்தார். நான் முகம் வாடி இருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு நாள் ஷிப்டு முடிந்து வரும்போது ஒரு பொட்டலம் யூரியா வாங்கி வந்தார்.

“இந்தா, ரெண்டு கை அள்ளிப் போடு. ஒரே வாரத்துல ஓங்கிரும் பாரு.”

“துளசிக்கு யாராவது யூரியா போடுவாகளா?”

“ஏட்டி, வயலுக்கு வயல் அதைத்தான் போடுதான். அந்த நெல்லைத்தான பெருமாளுக்குத் தளிகை பண்ணுதாக?”

அவர் சொன்னபடியே இரண்டு கை அள்ளிப் போட்டேன். ஒரு வாரம் கரும்பச்சையாக மினுக்கியது. அடுத்த வாரம் ஓரம் கருகி, தண்டு துவண்டு, ஐந்தில் மூன்று போயின. செத்த செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருண்டு கிடந்தது. அந்தச் சரளைக்குள் விரல் நீட்டப் பயந்து முடங்கிக்கொண்ட மாதிரி.

எங்களுக்கு மேற்கே பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தார். கணவரை இழந்தவர். வத்திராயிருப்புப் பக்கம் மா, தென்னை நாற்று வளர்க்கிற ஒரு பண்ணையில் பை நிரப்புகிற வேலை. காலை பஸ்ஸுக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக் கோயிலுக்குப் போவார். அவர் போவது சர்ச்சு. நான் வெறும் வேரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். மறுநாளே ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே தவிட்டு நிறத்தில், அப்பிரகம் மாதிரி அங்கங்கே மினுங்குகிற பொடி.

“என்னக்கா இது?”

“‘வேம்’னு இங்கிலீசு எழுத்துல சொல்லுவாக. நாத்து வைக்கயில ஒவ்வொரு பையிலயும் ஒரு கரண்டி போடுவோம். அப்படிப் பிடிச்சுக்கிடும் பாத்துக்க. ரெண்டு முழம் பூ விலைதான், உன் தோட்டத்துக்கே காணும்.”

“எருவா?”

“எரு மாதிரிதான். இது பூஞ்சாணம்ட்டி. வேருக்குள்ள போயி உக்காந்துக்கிடும்.”

கை நீட்டி வாங்கிவிட்டேன். ஆனால் பூஞ்சாணம் என்ற அந்த ஒரு சொல்லால் பையை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் கொல்லையிலேயே வைத்தேன். எங்கள் வீட்டில் பூசணம் என்றால் கெட்டுப்போனது. ஊறுகாயில் வெள்ளை படர்ந்தால் கொட்டிவிடுவோம். உடைத்த தேங்காய்க்குள் பூசணம் இருந்தால் அன்று முழுக்க மனசு சரியிருக்காது. அதைப் போய்ப் பெருமாள் கழுத்துக்குப் போகிற செடியின் காலடியில் போடுவதா? சும்மா கொடுத்த நல்ல மனசை ஒதுக்கவும் முடியவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கொடுத்தவர் சர்ச்சுக்குப் போகிறவர் என்பதும் என் மனதின் ஒரு மூலையில் இருந்தது.

ஒரு வழி கண்டுபிடித்தேன். அரிசியில் பூசணம் பிடித்தால் என்ன செய்வோம்? வெயிலில் காயவைத்துத் தீட்டு நீக்குவோம். அதையே செய்தேன். அக்கினி நட்சத்திர வெயில். மொட்டைமாடியில் முறத்தைப் போட்டு, பொடியைப் பரப்பி, இரண்டு கை மஞ்சள்தூளைக் கலந்து, மூன்று நாள் காயவிட்டேன். மணல் மாதிரிக் கலகலவென்று ஆனது. நாலாம் நாள் குளித்துவிட்டு, நாமத்தைச் சொல்லிக்கொண்டே, பழைய வீட்டிலிருந்து மறுபடி கொண்டுவந்து வைத்த புதுக் கன்றுகளின் தூரில் தூவினேன். இனி சுத்தம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு மாதம் ஆயிற்று. ஒரு தளிர் இல்லை.

எதிர்வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு அம்மா. நல்ல மனுஷி, யாரையும் ‘தல்லி’, அதாவது தாயே என்றுதான் கூப்பிடுவார். வாய்தான் நிற்காது. அவர் ஒரு நாள் வந்து, “ஏன் தல்லி, துளசி இப்பிடி நிக்கிது?” என்றார். நான் சொன்ன பதிலை எழுத இன்றும் கை கூசுகிறது. “மேல வீட்டு அக்கா ஏதோ குடுத்தாக. அவிய சாமி வேற, நம்ம சாமி வேற. ஒத்துக்கிடல போல.”

சாயங்காலத்துக்குள் அது மேலவீட்டுக்குப் போய்விட்டது.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சிலிருந்து திரும்பிய கையோடு அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

“சாமி கத இருக்கட்டும். நீ அத எப்பிடிப் போட்ட, அதச் சொல்லு.”

“தூருல தூவுனேன்க்கா.”

“தூவுனியா? வேருல படணும்ட்டி. சரி, எடுத்த உடனே தூவிட்டியா?”

“இல்லக்கா… மூணு நாள் வெயில்ல காயப்போட்டேன். மஞ்சப்பொடி போட்டு.”

அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால் சிரிப்பு. நிற்க முடியாமல் எங்கள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அடி பாவி மட்ட! உசுரோட குடுத்தேன், நீ வத்தல் போட்டுட்டியே! வறுத்துத் தின்னாமப் போனியே, அதுவரைக்கும் சந்தோசம்!”

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் படியில் உட்கார்ந்தபடியே எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார்.

“உன் வீட்டுக்காரரு மில்லுல பஞ்சிலேருந்து நூல் இழுக்காகல்ல, அது மாதிரி வெள்ளையா, கண்ணுக்குத் தெரியாத நூலு. வேரோட சேந்துக்கிட்டு, வேர் போகமுடியாத சந்துலயெல்லாம் போயி, தண்ணியும் சத்தும் இழுத்தாந்து குடுக்கும். அதுக்குக் கூலியா செடி கொஞ்சம் இனிப்பக் குடுக்கும். அம்புட்டுத்தான். ஊறுகாயில வாரது கெடுக்கிற பூசணம். இது கூடிப் பொழைக்கிற பூசணம். நல்ல காட்டு மண்ணுல இது தன்னால கெடக்கும். உன் மண்ணு காரையும் கல்லும், அதுல எங்க கெடக்கும்? உன் பழைய வீட்டுக் கெணத்தடியில துளசி தளதளன்னு வந்துச்சே, அங்க இருந்திருக்கும். நீ பாக்கல.”

அந்தக் கடைசிச் சொல்லில் எனக்குள் ஏதோ தளர்ந்தது. ஆறு வருடம் பெருமாளுக்குப் போன மாலைகள் எல்லாம் இந்தப் பூசணம் ஊட்டி வளர்த்தவைதானா? நான்தான் வளர்த்தேன் என்று இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாயாரைத் துளசிச் செடியடியில், மண்ணில்தானே கண்டெடுத்தார்கள்? மண்ணில் எது சுத்தம், எது அசுத்தம் என்று முறம் வைத்துப் புடைக்க நான் யார்?

“யக்கா, நேத்து அந்தம்மாகிட்ட நான் சொன்னது…” என்று ஆரம்பித்தேன்.

“அத விடு. புரட்டாசிக்கு எம்புட்டு நாள் இருக்கு? ரெண்டு மாசத்துக்கு மேல கெடக்கு. காணும். நாளைக்கு வேற பை கொண்டாரேன். இந்தத் தடவ மாடிக்கு ஏத்துன, காலை ஒடிச்சுப்புடுவேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்து அவரே வந்தார். ஒவ்வொரு குழிக்கும் இரண்டு கூடை நல்ல செம்மண்ணும் மக்கின சாணியும் கலந்து வைத்திருந்தேன். யூரியா மிச்சத்தைக் கண்ணில் படாமல் எடுத்து வைக்கச் சொன்னார். ரசாயன உப்பு அதிகமானால் இது வேலை செய்யாதாம். துளசிப் பாத்தி ஓரத்தில் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டார். நான் சொல்லவில்லை. பையைப் பிரித்தவர் அப்படியே நின்றார்.

“நான் தொடலாமாட்டி? இல்ல, சொல்லிக்குடுக்கேன், நீ வையி.”

என் வாழ்நாளில் யாரும் என்னை அடித்ததில்லை. அன்று அடி வாங்கினேன். நான் எதிர்வீட்டில் சொன்ன சொல்தான் திரும்பி வந்து அந்தக் கேள்வியாக நின்றது. ஒரு கன்றை எடுத்து அவர் கையில் வைத்தேன். “முதக் கன்ன நீங்க வையுங்கக்கா” என்றேன்.

அவர் குழியின் அடியில் ஒரு கரண்டி பொடியைப் போட்டார். அதன்மேல் வேர் நேராகப் படுகிற மாதிரிக் கன்றை இறக்கினார். மண்ணைத் தள்ளி மெதுவாக அமுக்கினார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அவர் சாமியிடம்தான் சொல்லியிருப்பார். நானும் என் சாமியிடம் சொன்னேன். இரண்டு பேருமாகப் பதினாறு கன்று வைத்தோம். மேலே தென்னைநார்க் கழிவைப் பரப்பி, பூவாளியால் நனைத்தோம்.

இருபது நாள் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான் தினமும் போய்ப் போய்ப் பார்ப்பேன். “முட்ட மேல உக்காந்த கோழி மாதிரி உக்காராத, போயி சோத்த வடி” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா விரட்டுவார். ஆடிக் காற்று வீச ஆரம்பித்தது. ஒரு மாதம் முடிகிற சமயம், ஒரு காலையில் பாத்திப் பக்கம் போனேன். முதலில் வாசனைதான் வந்தது. செடிக்குச் செடி கணுவில் தளிர் வெடித்திருந்தது. அதற்கப்புறம் நிற்கவே இல்லை. ஆவணி முடிவதற்குள் முழங்காலைத் தாண்டிவிட்டது.

முதல் புரட்டாசிச் சனிக்கிழமை. விடியலில் தலைக்குக் குளித்து, செடியைக் கும்பிட்டு, பறித்து, வாழைநாரில் கட்டினேன். என் முழத்துக்கு ஏழு முழம். என் மண். அதே கொல்லைதான், குழியைத் தாண்டினால் காரையும் சரளையும். கூடையைத் தூக்கிக்கொண்டு மகளோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனால், வத்திராயிருப்புப் பஸ்ஸுக்கு அக்கா நிற்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகிற பஸ்தான் அது. எல்லாரும் ஒன்றாக ஏறினோம். புரட்டாசிக் கூட்டம். அக்காவுக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது. கூடையை வாங்கி மடியில் வைத்து, நசுங்காமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

தினமும் அவரை ஏற்றிக்கொண்டு போகிற கண்டக்டர் பார்த்துவிட்டார். “என்னக்கா, இந்த வருசம் சர்ச்சுல துளசி மாலையா?”

“ஏலே, டிக்கெட்டக் கிழிலே. பெருமாளுக்குப் போறது, மூச்சு விட்டுறாத மேல!”

பஸ் முழுக்கச் சிரித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் இறங்கும்போது கூடையை என்னிடம் கொடுத்து, “என் பேரையும் ஒரு வார்த்த சொல்லு” என்றார். மலையேறிப் போய் மாலையைக் கொடுத்தேன். பட்டர் கையில் தூக்கிப் பார்த்து, “இந்த வருஷம் நல்லா வந்திருக்கே!” என்றார். அக்கா பேரைச் சொல்லி அர்ச்சனை செய்யச் சொன்னேன். பட்டர் அந்தப் பேரைக் கேட்டு ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார், சத்தமாகவே. அந்த வருடம் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை.

அதோடு முடிந்திருந்தால் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. எதிர்வீட்டு அம்மா கொல்லையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “தாயாரே உன் வீட்டுக்கு வந்துட்டா தல்லி! கல்லுல துளசி மொளைக்குமா?” என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் நான் செய்த தப்பு. ஒரு வாரத்தில், தாயார் என் கனவில் வந்து பாத்தியைக் காட்டினாள் என்று ஆகிவிட்டது. தெருப்பெண்கள் மஞ்சள் குங்குமத்தோடு வந்து செடியைச் சுற்றினார்கள். என்னிடம் ஆசீர்வாதம் கேட்டார்கள். கனவெல்லாம் இல்லை, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பொடி என்று சொல்ல எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. பூசணம் என்றால் முகம் சுளிப்பார்களே, அதைச் சாமிக்கா போட்டாய் என்பார்களே என்று விழுங்கிவிட்டேன். என்னை அவர்கள் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். அக்கா காதில் இதெல்லாம் விழாமல் இருந்திருக்குமா? ஒரு நாளும் அவர் மறுத்துப் பேசவில்லை.

மாறாக, இன்னும் கொடுத்தார். வருஷா வருஷம் பை வாங்க வேண்டாம், நீயே பெருக்கிக்கொள் என்று சொல்லிக்கொடுத்தார். உடைந்த சிமெண்டுத் தொட்டியில் மண்ணைக் கொட்டி, கெடுக்கிற பூசணம் இருந்தால் சாகட்டும் என்று கொதிக்கிற வெந்நீர் ஊற்றி, ஆறவிடச் சொன்னார். “மண்ணுக்கு என்ன, சளி பிடிச்சிருக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனார் என் வீட்டுக்காரர். நன்றாக ஆறியபின் பொடியைக் கலந்து சோளம் விதைத்தோம். சோள வேரில்தான் இது நன்றாகப் பெருகுமாம். இரண்டு மாதம் கழித்துத் தண்ணீரை நிறுத்தி, பயிரை அறுத்துவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கி அந்த மண்ணோடு கலந்துவிட்டோம். அதுதான் அடுத்த வருஷத்து உரம். அதை உலர்த்த நான் முறத்தைத் தூக்கியதும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: “நெழல்லட்டி, நெழல்ல!”

தொண்ணூறுகளின் கடைசியில் அக்கா மகனோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டார். வண்டி ஏறுகிற அன்று ஒரு துளசிக் கன்றைத் தொட்டியில் வைத்துக் கொடுத்தேன். “அங்க உப்புக் காத்துட்டி, எப்படி வருமோ” என்றார். “வேருல போட்டிருக்கேன்க்கா, வரும்” என்றேன். என் கையைப் பிடித்து அழுத்தினார். சொல்ல வேண்டியதை அப்போதும் நான் சொல்லவில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் மகளின் புகுந்த வீட்டார் வந்திருந்தார்கள். கொல்லைத் துளசியைக் காட்டி என் மகள் அவர்களிடம் சொல்கிறாள்: “எங்கம்மா கனவுல தாயார் வந்து எடத்தக் காட்டுனா. அன்னைக்கே தழைச்சிருச்சு.” கூடையை மடியில் வைத்திருந்த அக்காவின் பக்கத்தில் நின்று பயணம் செய்த பிள்ளை. அவளுக்கே அந்த அக்கா மறந்துபோய்விட்டார். குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். என் மண்ணில், என் கையால் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன். மண்ணுக்கு உயிர் கொடுத்தவர் அக்கா, முதல் கன்றை வைத்த கையும் அவருடையது. அதை மறைத்துவிட்டு ஒவ்வொரு புரட்டாசியும் மாலை கொண்டுபோனால், பெருமாளிடம் பாதி வேண்டுதலைத்தானே கொடுக்கிறேன்?

தாயார் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. வந்தாள். வத்திராயிருப்புப் பஸ்ஸில் வந்தாள், ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள், என் வாசல்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

இதை முதலில் என் மகள் படிக்கட்டும். படிக்கிற நீங்களும் துளசி வளராமல் தவிக்கிற யாரையாவது பார்த்தால் இதைச் சொல்லுங்கள். ஆனால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இருக்கிறபடியே சொல்லுங்கள். கனவைச் சேர்க்க வேண்டாம். பூஞ்சாணம் என்ற சொல்லை மாற்றவோ மறைக்கவோ வேண்டாம். ஒரு கரண்டி, வேருக்கு அடியில், நிழலில் வைத்திருந்தது என்பதை விட்டுவிட வேண்டாம். நான் வெயிலில் காயப்போட்டதையும், எதிர்வீட்டில் சொன்ன அந்தச் சொல்லையும், எனக்காகப் பரிதாபப்பட்டு எடுத்துவிட வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு “நான் தொடலாமா?” என்று கேட்ட அக்காவை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.